பொது மருத்துவமனையின் மனிதவளப் பதவிக்கான நேர்காணல்: ஒரு விண்ணப்பதாரரின் தயாரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

தனியார் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், அரசு நிதியில் இயங்கும் பெரிய பொது மருத்துவமனை ஒன்றின் மனிதவளத் துணை மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். அவர் தயாரான விதத்தையும், தேர்வுக் குழு கேட்ட கேள்விகளையும், பின்னர் கிடைத்த மதிப்பீட்டையும் அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரையோ அந்த மருத்துவமனையையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

துறை அறிவில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆட்சேர்ப்பு, சம்பளக் கணக்கு, தொழிலாளர் சட்டம், பயிற்சித் திட்டம் என எதைக் கேட்டாலும் தெளிவாகப் பேசுவார். அப்படிப்பட்டவருக்கே பொது மருத்துவமனை நேர்காணல் எங்கே கடினமாகிறது என்பதுதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தூண்டியது. மனிதவளப் பிரிவின் ஒவ்வொரு முடிவும் கடைசியில் ஒரு நோயாளியின் கட்டிலருகே போய் நிற்கிறது. அந்தத் தொடர்பைக் காட்டத் தெரிந்தவரைத்தான் குழு தேடுகிறது. தனியார் துறையிலிருந்து வரும் பெரும்பாலானோரின் தயாரிப்பில் அந்தத் தொடர்பே விடுபட்டிருக்கிறது என்பது என் கருத்து.

முதல் ஒத்திகை

ஒத்திகையில் நான் கேட்ட முதல் கேள்வி இது: "ஒரு வார்டில் இரவுப் பணிக்கு வரவேண்டிய செவிலியர்கள் அடிக்கடி கடைசி நேரத்தில் விடுப்பு சொல்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?" அவர் தயங்காமல் பதில் சொன்னார். வருகைப் பதிவேட்டை ஆராய்வேன், தொடர்ந்து விடுப்பு எடுப்பவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவேன், முழு வருகைக்கு ஊக்கத்தொகை அறிவிப்பேன், அதற்கும் மாறாதவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பேன் என்றார்.

தொழிற்சாலை ஒன்றின் நேர்காணலில் இந்தப் பதில் எடுபட்டிருக்கும். அங்கே ஆள் வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவைத்து, குறைந்த உற்பத்தியை மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். வார்டில் சிகிச்சையை நிறுத்திவைக்க முடியாது. இரவுப் பணிக்கு ஒருவர் வரவில்லையென்றால், மாலைப் பணியை முடித்துப் பொறுப்பை ஒப்படைக்கக் காத்திருக்கும் செவிலியர்தான் விடியும்வரை அங்கேயே இருந்து வேலை பார்க்கிறார். அடுத்த வாரம் அவரும் உடல் முடியாமல் விடுப்பு சொல்கிறார். விடுப்பு விடுப்பைப் பெறுகிறது. குறிப்பாணையால் அந்தச் சங்கிலி அறுபடுவதில்லை. குழுவில் அமர்ந்திருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் இந்தக் கேள்விக்கு முதலில் எதிர்பார்ப்பது, இன்றிரவு அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கான பதிலைத்தான். காரணத்தை ஆராய்வது அதற்கு அடுத்தது. ஒழுங்கு நடவடிக்கை, தேவைப்பட்டால், அதற்கும் பின்னால் வருவது.

அந்தப் பதிலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பொது நிறுவனத்தில் மனிதவள மேலாளர் தன் விருப்பப்படி ஊக்கத்தொகை அறிவிக்க முடியாது. சம்பளமும் படிகளும் அரசாணையாலும் விதிகளாலும் வரையறுக்கப்பட்டவை. புதிதாக ஒரு படி வேண்டுமென்றால் நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும், அதன் பின் தணிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும். "நான் அறிவிப்பேன்" என்று ஒருவர் சொன்னவுடனேயே, பொதுப்பணம் செலவாகும் முறை அவருக்குப் பழக்கமில்லை என்று குழு குறித்துக்கொள்ளும். கையில் பணம் இல்லாமல் எதையெல்லாம் மாற்றலாம் என்று யோசிப்பதுதான் இந்தப் பதவியின் பெரும்பகுதி வேலை: பணிநேரம் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறதா, இரவுப் பணி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறதா, இரவுக்குப் பின் ஓய்வு நாள் உண்மையில் கிடைக்கிறதா என்பவை அதில் அடங்கும்.

ரோஸ்டரை வாசிக்கப் பழகியது

ஒத்திகை முடிந்ததும் புத்தகங்களை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு, பெயர்கள் நீக்கப்பட்ட பழைய டியூட்டி ரோஸ்டர் ஒன்றை அவர்முன் வைத்தேன். ஒரு மாதத்துக்கான அகலத் தாள் அது. இடப்பக்கம் பணியாளர் வரிசை, மேலே தேதிகள், கட்டங்களில் காலை, மாலை, இரவு, ஓய்வு என்பவற்றுக்கான ஒற்றை எழுத்துகள். மாதத் தொடக்கத்தில் தட்டச்சில் வெளியான பட்டியலின் மீது மாதம் முழுதும் பேனாவால் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. முதல் பார்வையில் அவருக்கு அது ஒழுங்கற்ற ஆவணமாகவே பட்டது.

திருத்தங்களை மட்டும் தனியாகப் பட்டியலிடச் சொன்னேன். பட்டியலிட்டபோது சில செய்திகள் தாமாகவே வெளிவந்தன. பணிமூப்பில் கடைசியில் இருந்த இருவரின் வரிசையில்தான் இரவுகள் குவிந்திருந்தன. ஒருவர் தொடர்ந்து இரவுப் பணி பார்த்து முடித்த மறுநாளே மாலைப் பணிக்கு மாற்றப்பட்டிருந்தார். தட்டச்சில் அந்த நாள் ஓய்வு என்றே இருந்தது. மாதத்தின் கடைசி வாரத்தில் திருத்தங்கள் மிகுந்திருந்தன. அந்த வாரத்தில்தான் இருவர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள், மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. வெளியான பட்டியலுக்கும் உண்மையில் வேலை நடந்த விதத்துக்கும் இடையிலான தூரத்தை அவர் அன்று கண்டார். இதற்குப் பின் அவர் பேச்சில் வந்த மாற்றம் எந்தப் பாடநூலாலும் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து ஆள் கணக்கு. ஒரு இடத்தில் நாள் முழுதும் ஒரு செவிலியர் இருக்க வேண்டுமென்றால் எத்தனை பேரை நியமிக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று ஷிப்ட், ஆகவே மூன்று பேர். ஓய்வுக்காக ஒருவரைச் சேர்த்தால் நான்கு பேர் என்றார். தாளில் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு 3 ஷிப்ட் எனில் நிரப்ப வேண்டியவை 1,095 ஷிப்டுகள். ஒரு செவிலியருக்கு வாரத்துக்கு 2 நாள் வீதம் 104 ஓய்வு நாட்கள், 24 நாள் ஆண்டு விடுப்பு, 12 பொது விடுமுறை, 8 நாள் நோய் விடுப்பு, 5 நாள் பயிற்சி என்று எடுத்துக்கொண்டால் 153 நாட்கள் கழிகின்றன, மிஞ்சுபவை 212. ஆக 1,095ஐ 212ஆல் வகுத்தால் 5.17 வருகிறது. விடுப்பு விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் விடையும் சற்று மாறும். ஆனாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றிருக்கும் இடத்தில் விடை நான்கில் நிற்காது.

கணக்கை அங்கே விடாமல் மேலும் கொண்டுபோனோம். ஷிப்டுக்கு 4 செவிலியர் தேவைப்படும் வார்டில் ஆண்டுக்கு நிரப்ப வேண்டியவை 4,380 ஷிப்டுகள். 16 பணியிடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டு, அவை முழுதும் நிரம்பியிருந்தாலும்கூட 3,392 ஷிப்டுகளைத்தான் நிரப்ப முடியும். இடைவெளி 988, நாளுக்கு ஏறத்தாழ 3 ஷிப்டுகள். ஒருவரும் ஒழுங்கு தவறாமலேயே நாள்தோறும் மூன்று இடங்கள் காலியாகின்றன. அவற்றை இரட்டை டியூட்டி பார்த்துத்தான் நிரப்புகிறார்கள், அல்லது ஆளில்லாமலே ஓட்டுகிறார்கள். விடுப்பு எடுப்பவர்கள் மீது நடவடிக்கை என்று தொடங்கிய பதில் இந்தக் கணக்கின்முன் எவ்வளவு அநியாயமானது என்பதை அவரே சொன்னார்.

இந்தக் கணக்கு முறையின் விரிந்த வடிவம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 'விசன்' முறை. ஒருவர் ஆண்டில் உண்மையில் வேலைக்குக் கிடைக்கும் நேரத்தையும், ஒவ்வொரு பணிக்கும் பிடிக்கும் நேரத்தையும், வேலையின் அளவையும் வைத்து எத்தனை பேர் தேவை என்று அது கணிக்கிறது. கட்டில் எண்ணிக்கையையோ மக்கள்தொகையையோ மட்டும் வைத்துப் பணியிடம் ஒதுக்குவதைவிட இது நியாயமானது. விண்ணப்பதாரருக்கு முறையின் பெயர் தெரிந்திருந்தால் போதாது. தன் கையால் ஒருமுறையாவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். குழு அடுத்த கேள்வியைக் கேட்கும்போது அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அவரைப் படிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடத்தி 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் அதிகரிப்பதோடு தொடர்புடையதாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் சோதனை அல்ல. அந்த வரம்பையும் சேர்த்துச் சொல்லப் பழகச் சொன்னேன். குழுவில் மருத்துவர்கள் இருப்பார்கள். மிகைப்படுத்திச் சொன்னால் அவர்கள் அதை விடமாட்டார்கள்.

நேர்மையைச் சோதிக்கும் கேள்விகள்

பொதுத்துறை நேர்காணல்களில் தவறாமல் வரும் கேள்வி சிபாரிசு பற்றியது. "மூத்த மருத்துவர் ஒருவர் ஒப்பந்தப் பணியிடம் ஒன்றுக்குத் தன் உறவினரைப் பரிந்துரைக்கிறார். அந்த மருத்துவர் உங்கள் மருத்துவமனைக்கு மிகவும் தேவைப்படுபவர். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லிவிடுவேன் என்றார். நேர்மையான பதில்தான், இருந்தாலும் அது பாதிப் பதில். உறவினர் என்பதாலேயே ஒருவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவதும் முறையல்ல. எல்லோரையும் போல அவரும் விண்ணப்பிக்கலாம். உறவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பரிந்துரைத்த மருத்துவர் தேர்வுக் குழுவில் இடம்பெறக் கூடாது. விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் அளவுகோல் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக மதிப்பெண் இட வேண்டும். இவ்வளவையும் சொல்லும்போதுதான், மறுப்பதோடு நின்றுவிடாமல் நியாயமான நடைமுறையைக் கட்டியெழுப்பவும் இவருக்குத் தெரியும் என்று குழு நம்பும்.

சான்று சரிபார்ப்பு குறித்து அவர் தொழிற்சாலை வழக்கத்தையே சொன்னார்: அசல் சான்றிதழைப் பார்த்து நகலில் கையெழுத்திடுவது. மருத்துவப் பணியில் அது போதாது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரின் தொழில் பதிவைப் பதிவு மன்றத்திடமே நேரடியாக உறுதிசெய்ய வேண்டும். அது காலாவதியாகும் தேதியைப் பதிவேட்டில் ஏற்றி, முன்கூட்டியே நினைவூட்ட வேண்டும். பதிவு காலாவதியான ஒருவர் ஒரு நாள் பணிபுரிந்தாலும் அந்த நாளின் சிகிச்சைக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டிவரும். சலிப்பூட்டும் எழுத்து வேலை போலத் தோன்றும் இதுதான் நோயாளிப் பாதுகாப்பில் மனிதவளப் பிரிவின் நேரடிப் பங்கு.

மருந்துப் பிழை பற்றிய கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். இரட்டை டியூட்டியின் கடைசி மணியில் ஒரு செவிலியர் தவறான அளவில் மருந்து கொடுத்துவிடுகிறார், நோயாளி பிழைத்துக்கொள்கிறார், குடும்பத்தினர் கோபத்தில் இருக்கிறார்கள், உடனே இடைநீக்கம் செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வருகிறது. அவருடைய முதல் பதில் இடைநீக்கம்தான். விசாரணை முடியும்வரை ஒருவரைப் பணியிலிருந்து விலக்கிவைக்க வேண்டிய தருணங்கள் உண்டு. வேண்டுமென்றே செய்த தீங்கு, போதையில் பணி, ஆவணத்தைத் திருத்தியது போன்றவற்றில் தயங்கக் கூடாது. ஆனால் இந்த நிகழ்வில் முதலில் நோயாளியின் பாதுகாப்பு, அடுத்து குடும்பத்தினரிடம் உண்மையைச் சொல்வது, அதன் பின் நடந்ததை ஆவணங்களோடு சேகரிப்பது என்ற வரிசை வேண்டும். அதே பயிற்சியுள்ள இன்னொருவர் அதே நிலையில் இருந்திருந்தால் அதே பிழை நேர்ந்திருக்குமா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். ஆம் எனில், தண்டிக்கப்பட வேண்டியது அந்தச் செவிலியர் அல்ல. திருத்தப்பட வேண்டியது ரோஸ்டர்.

பிழைகளை ஆளோடு நிறுத்தாமல் அமைப்பில் தேட வேண்டும் என்பதை ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளரின் எழுத்துகள் மருத்துவ உலகில் பரவச் செய்தன. ஏமி எட்மண்ட்சன் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட மருத்துவமனை ஆய்வோ, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள செவிலியர் குழுக்களில் பிழைகள் கூடுதலாகப் பதிவாவதைக் கண்டது. அங்கே பயமின்றிப் பேச முடிந்ததால் பிழைகள் வெளியே வந்தன என்பதே அவர் தந்த விளக்கம். பிழை எண்ணிக்கை குறைவாக இருக்கும் வார்டைப் பாராட்டி, கூடுதலாக இருக்கும் வார்டுக்கு விளக்கம் கேட்டு எழுதும் மனிதவள மேலாளர் உண்மையைப் புதைக்கவே உதவுவார். இதை விண்ணப்பதாரர் ஆழமாக உள்வாங்கிக்கொண்டார். பிற்பாடு நேர்காணலில் அவருக்குக் கைகொடுத்ததும் இதுவே.

மருத்துவமனைக்கே உரிய இன்னொரு சூழலை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. பணியாளர் ஒருவர் அதே மருத்துவமனையில் நோயாளியாகவும் சேரலாம். அப்போது அவருடைய சிகிச்சைக் குறிப்பைப் பார்க்க மனிதவளப் பிரிவுக்கு எந்த உரிமையும் இல்லை. தேவைப்படுவது பணிக்குத் தகுதி உண்டா, எத்தகைய வேலையைத் தவிர்க்க வேண்டும் என்ற சான்று மட்டுமே. கணினியில் ஒரு சொடுக்கில் கிடைக்கும் தகவலைப் பார்க்காமல் இருப்பதும் இந்தப் பதவியின் பண்பு.

சொந்த அனுபவத்தைச் சொல்லும் முறைக்கும் சிறிது நேரம் ஒதுக்கினோம். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லும் 'ஸ்டார்' முறை அவருக்குத் தெரியும். ஆனால் அடக்கம் கருதி எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்றே சொன்னார். அவர் பங்கு என்னவென்று கேட்பவருக்குப் புரியவில்லை. மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல்களில், சொல்லாததற்கு மதிப்பெண் கிடையாது. குழுவின் உழைப்பை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, தான் எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் தெளிவாகச் சொல்லும்படி திருத்திக்கொண்டார். உடை, சான்றிதழ்க் கோப்பு, நேரத்துக்குச் செல்வது ஆகியவற்றை அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நேர்காணல் நாள்

குழுவில் ஐவர் இருந்தார்கள்: மருத்துவக் கண்காணிப்பாளர், செவிலியர் கண்காணிப்பாளர், நிதி அலுவலர், நிர்வாக அலுவலர், வெளியிலிருந்து வந்த மனிதவள வல்லுநர். நேர்காணலுக்கு முன் எழுத்துப் பயிற்சி ஒன்று தரப்பட்டது. ஒரே காலையில் மேசைக்கு வந்ததாகச் சில கடிதங்களைக் கொடுத்து, எதை முதலில் எடுப்பீர்கள், ஏன் என்று எழுதச் சொன்னார்கள். அமைச்சகம் அன்றே கேட்டிருந்த புள்ளிவிவரம், ஓய்வூதியக் கோப்பு தாமதம் பற்றிய புகார், தொழிற்சங்கத்தின் கடிதம், அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் உறவினர் ஒரு பணியாளரை அடித்துவிட்ட செய்தி, மறுநாள் காலாவதியாகும் ஒரு மயக்கவியல் மருத்துவரின் பதிவு ஆகியவை அவற்றில் இருந்தன.

தாக்கப்பட்ட பணியாளரை அவர் முதலில் வைத்தார். சிகிச்சை, பாதுகாப்பு, புகார் பதிவு, அவர் விரும்பினால் அன்றைய பணியிலிருந்து விடுவிப்பு என்று வரிசையாக எழுதினார். பதிவு காலாவதியாவதை இரண்டாவதாக வைத்து, புதுப்பித்தல் உறுதியாகும்வரை மறுநாள் அறுவை அரங்குப் பட்டியலில் மாற்று மருத்துவரை ஏற்பாடு செய்ய அன்றே கண்காணிப்பாளரிடம் பேச வேண்டும் என்றார். அமைச்சகத்தின் கடிதம் மூன்றாவதாக வந்தது. மேலிடத்துக் கடிதத்தை மூன்றாவதாக வைக்கத் துணிவு வேண்டும். அன்றே பதில் போய்விடும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்ததால் அந்தத் துணிவு பொறுப்போடு கூடியதாக இருந்தது.

நேருக்கு நேர் கேள்விகளில் செவிலியர் கண்காணிப்பாளர் ஆள் பற்றாக்குறையை எடுத்தார். விண்ணப்பதாரர் 5.17 கணக்கை இரண்டு நிமிடத்தில் விளக்கினார். நிதி அலுவலர் உடனே குறுக்கிட்டு, "பணியிடங்களைக் கூட்ட நிதி இல்லை. இப்போது என்ன?" என்றார். இரட்டை டியூட்டிக்கான கூடுதல் ஊதியச் செலவையும், அவசரத்துக்கு ஆளெடுக்கும் செலவையும், விலகிச் செல்பவர்களின் இடத்தை நிரப்பும் செலவையும் முதலில் கூட்டிப் பார்த்து உங்கள்முன் வைப்பேன், அதோடு செவிலியர்கள் செய்யும் எழுத்து வேலையில் எதை வார்டு எழுத்தரிடம் மாற்றலாம் என்றும் பார்ப்பேன் என்று பதில் சொன்னார். மருத்துவக் கண்காணிப்பாளர் மருந்துப் பிழை பற்றிக் கேட்டார். ஒத்திகையில் பேசியதைவிடத் தெளிவாகவே அவர் சொன்னார்.

பணிச்சோர்வு குறித்த கேள்விக்கு யோகா வகுப்பு, ஆலோசனை மையம் என்று தொடங்காமல், உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்கள் வகைப்பாடு அதை நோயாக வைக்காமல், சரிவர நிர்வகிக்கப்படாத நாட்பட்ட பணி நெருக்கடியால் வரும் தொழில்சார் நிகழ்வாக வைத்திருப்பதைச் சொல்லி, அதனால் அதன் தீர்வும் வேலையை அமைக்கும் விதத்தில்தான் தொடங்க வேண்டும் என்றார்.

மதிப்பீடு

அவர் முதலில் காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தார். முதலிடம் பெற்றவர் பதவியை ஏற்காததால் பணி ஆணை அவருக்கு வந்தது. ஆணை வந்த பின்னும் எழுத்து மூலம் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற்றார். தேர்வாகாதவர்களே கேட்கத் தயங்கும் இதைத் தேர்வானவரும் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

எழுத்துப் பயிற்சிக்கும் மருந்துப் பிழைக் கேள்விக்கும் உயர்ந்த மதிப்பெண்கள். மிகக் குறைந்த மதிப்பெண் தொழிற்சங்கம் பற்றிய கேள்விக்கு. ஷிப்ட் நேரத்தை மாற்ற நிர்வாகம் விரும்புகிறது, சங்கம் எதிர்க்கிறது, எப்படிக் கையாள்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மாற்றத்தின் நன்மைகளைச் சங்கத்துக்கு எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பேன் என்று அவர் பதில் சொல்லியிருந்தார். "முடிவு எடுத்த பின்னரே பணியாளர்களை அணுகுகிறார்" என்பது குழுவின் குறிப்பு.

அந்தக் குறிப்பு நியாயமானது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1977ஆம் ஆண்டுச் செவிலியர் பணி உடன்படிக்கையும், 1978ஆம் ஆண்டுப் பொதுப்பணித் தொழிலுறவு உடன்படிக்கையும், பணி நிலைமைகளைத் தீர்மானிப்பதில் பணியாளர்களுக்கும் அவர்களுடைய அமைப்புகளுக்கும் இடம் தருகின்றன. மருத்துவமனை நிற்க முடியாத இடம் என்பதால் அங்கே வேலைநிறுத்தம் ஒவ்வொருவருக்கும் வேதனை தருவது. அந்த நிலைக்குப் போகாமலிருக்க, திட்டம் வரைவாக இருக்கும்போதே பேச வேண்டும். இரவில் வீடு திரும்பப் போக்குவரத்து உண்டா, குழந்தையைப் பள்ளியில் விடும் நேரத்தோடு மோதுகிறதா, பொறுப்பு ஒப்படைக்கும் அரை மணி நேரம் பணிநேரமாகக் கணக்கில் வருகிறதா என்பவை சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கேள்விகள். அவற்றில் சிலவற்றுக்கு நிர்வாகத்திடம் விடையே இருக்காது. ஒரு வார்டில் சில வாரங்களுக்குச் சோதனையாக நடத்தி, அதன் விளைவை இரு தரப்பும் சேர்ந்து பரிசீலிப்பது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதே அந்தக் கேள்விக்கு அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில். பணியில் சேர்வதற்கு முன்பாக, அந்த மருத்துவமனையில் நடைமுறையில் உள்ள சங்க ஒப்பந்தங்களின் நகல்களை அவர் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்.